ஆலயத்துக்கு வரும் பிறமதத்தாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் சென்னையில் தேவாலயப் படியேறும் பிறமதத்தார் தொகை கூடும். சாந்தோம் பேராலயத்திலும் லஸ் பிரகாச மாதா கோயிலிலும் குடில் பார்க்கக் குழந்தைகளோடு வருவார்கள். 24-ஆம் தேதி நள்ளிரவு வழிபாட்டுக்கு எதிர்வீட்டுக்காரர், அலுவலக நண்பர், பிள்ளையின் கல்லூரித் தோழி என்று ஒவ்வொரு குடும்பமும் யாரையாவது அழைத்து வரும். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலோ, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை திரளும் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இவர்களை எப்படி வரவேற்பது, வரவேற்கும்போது நம் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது என்பது பற்றிக் கத்தோலிக்கப் பங்குகளிலும் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆலயங்களிலும் வரவேற்புப் பொறுப்பைக் கவனிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

எங்கள் கருத்து ஒன்றுதான். வருகிறவருக்கு எது திறந்திருக்கிறது, எது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்களுக்கு மட்டும் உரியது என்பதை அவர் தடுமாறுவதற்கு முன்பே மரியாதையாக வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். இதைத் தீர்மானிக்காத சபைகள் இரண்டு பக்கமும் சறுக்குகின்றன. சில இடங்களில், வந்தவரை இன்றைக்கே மனம் மாற்றிவிட வேண்டும் என்று சூழ்ந்துகொள்கிறார்கள். வேறு சில இடங்களில் அவர் மனம் நோகுமோ என்று அஞ்சி, ஜெபத்திலிருந்து இயேசுவின் பெயரையே எடுத்துவிடுகிறார்கள். முந்தையது அவரை விரட்டிவிடும். பிந்தையது அவர் எதைத் தேடி வந்தாரோ அதைக் காட்டாமலே வழியனுப்பிவிடும்.

அதிகச் சிக்கல் வருவது, வழிபாட்டில் அப்பம் வழங்கும் நற்கருணை வேளையில். வரிசை என்றால் அதன் முடிவில் பிரசாதம் என்பது நம் ஊர் வழக்கம். திருப்பலியில் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது விருந்தினரும் எழுந்து போவதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்பத்தைக் கையில் வாங்கியதும் என்ன செய்வதென்று தெரியாமல் நகர்வார். வீட்டில் படுத்திருக்கும் தாயாருக்குக் கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் மடித்துக்கொள்வார், அதுவும் பக்தியோடுதான். அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "நீங்க கிறிஸ்டியனா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் அந்தக் குடும்பம் மறுபடி அந்தப் பக்கம் வராது.

இதைத் தவிர்ப்பது கடினமில்லை. அறிவிப்பைக் காணிக்கைப் பவனிக்கு முன்பே செய்ய வேண்டும்; நற்கருணை நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னால் பாடலுக்கு நடுவே யார் காதிலும் விழாது. "கிறிஸ்தவர்கள் அல்லாதவர்கள் வரக்கூடாது" என்று தொடங்குவது அறிவிப்பாகாது, அது விரட்டல். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நற்கருணை கிறிஸ்துவின் திருவுடல் என்று நம்பி, திருமுழுக்கும் முதல் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கர் நாங்கள் இதை உட்கொள்கிறோம். எங்களோடு வழிபட வந்திருக்கும் மற்ற அன்பர்கள் அமர்ந்தபடியே வேண்டிக்கொள்ளலாம். ஆசீர் பெற விரும்பினால் இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வாருங்கள்." ஆசீர் கொடுப்பது அந்தந்தப் பங்குத்தந்தையின் முடிவு, அவரிடம் கேட்காமல் கடைசி வரியைச் சேர்க்காதீர்கள்.

அறிவிப்பு மட்டும் போதாது, தாமதமாக வருகிறவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். வரிசை தொடங்கும் இடத்தில் ஒருவர் நிற்கட்டும். நற்கருணை வழங்குபவர் "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லும்போது "ஆமென்" என்ற பதில் வராமல் எதிரில் இருப்பவர் திகைத்தால் அதுவே அடையாளம். அப்பத்தை நீட்டாமல், பங்குத்தந்தை ஒப்புக்கொண்டிருந்தால் ஆசீர் சொல்லி அனுப்பிவிடலாம். கையில் கொடுத்த பிறகென்றால், அவர் வாயில் போடும்வரை அடுத்தவரைக் கவனிக்க வேண்டாம். அதையும் மீறி எடுத்துப்போய்விட்டால், பக்கத்தில் போய் மெல்லிய குரலில் "இதை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை, சாமியாரிடம் கொடுத்துவிடலாம், வாங்க" என்றால் யாரும் மறுப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் பீடத்தின் முன் முழங்காற்படியிடும் வழக்கம் இருப்பதால் இது இன்னும் எளிது. கைநீட்டாமல் தலைகுனிந்திருப்பவருக்கு ஆயர் (அங்கே சபைப் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்) ஆசீர் சொல்லிக் கடந்துவிடுவார். ஆனால் அப்படிச் செய்யலாம் என்பது விருந்தினருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் பலருடைய வருத்தம் குறைகிறது. இந்த ஒழுங்கு இந்துக்களையும் இஸ்லாமியரையும் மட்டும் தள்ளிவைப்பதற்காக வந்ததில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 844-ஆம் எண்ணின்படி, சில விதிவிலக்குகள் தவிர, தென்னிந்தியத் திருச்சபையாருக்கும் லுத்தரன் சபையாருக்கும்கூடக் கத்தோலிக்க நற்கருணை கிடையாது. இந்தக் கடிதத்தை எழுதும் எங்களுக்குள்ளேயே சிலர் அந்தப் பீடத்தில் பங்குகொள்ள முடியாது. அது வலிக்கத்தான் செய்கிறது. தென்னிந்தியத் திருச்சபை உருவான வரலாற்றைப் பாருங்கள். ஒரே கிறிஸ்துவை அறிக்கையிடும் சபைகள் தரங்கம்பாடியில் 1919-இல் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிப்பாக நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. வேறுபாட்டை மூடி மறைக்காமல் பேசித் தீர்ப்பதற்கு அவ்வளவு பொறுமை தேவைப்பட்டது.

அடுத்து சாப்பாடு. கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை இருக்கும், பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைத்திருப்பார்கள். இஸ்லாமிய வீட்டுக்கு அதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம்தான் போட்டிருக்கு" என்று பிறகு சொல்வது பெரிய பிழை. அவர்களுக்கென்று தனியாகச் செய்வதானால் பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு குளிர்பெட்டியில் ஊறவைத்தால் போதும். சாற்றில் ஊறிய பழம் மதுவில் ஊறியதுபோல் வாரக்கணக்கில் தாங்காது, புளித்துவிடும்; அதனால் முதல் நாள் ஊறவைத்து மறுநாள் சுட்டுவிட வேண்டும். சைவக்காரர்களுக்கு முட்டையில்லாத கேக், வெட்டும் கத்தியும் வேறாக இருக்கட்டும். பெட்டியின் மேல் என்ன கேக் என்று எழுதி ஒட்டுங்கள்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட ஐயப்ப பக்தர்களுக்குக் கிறிஸ்துமஸ் விரத காலத்துக்குள்தான் வருகிறது. அசைவம் சமைத்த வீட்டில் அவர்கள் கைநனைப்பதில்லை. "ஒரு வாய் சாப்பிட்டாத்தான் ஆச்சு" என்று வற்புறுத்துவது அன்பு ஆகாது. உரிக்காத வாழைப்பழம், ஆரஞ்சு, அப்போது சீவிய இளநீர் கொடுங்கள். வைகுண்ட ஏகாதசி சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசியிலேயே வந்துவிடும். அன்று உபவாசம் இருப்பவரைச் சபை விருந்துக்கு அழைத்தால் சங்கடப்படுவார், நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அழைக்கலாம். சௌகார்பேட்டை பக்கமிருந்து வரும் ஜைனர்களில் பலர் வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் எதையும் தொடமாட்டார்கள். ஆட்டுக்கறியை ஹலால் கடையில் வாங்கினால் மட்டும் போதாது, பன்றி இறைச்சி வெந்த பாத்திரத்திலும் கரண்டியிலும் அது கலக்கக்கூடாது.

சபை விருந்துகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு மோசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சைவச் சோறு தீர்ந்துவிட்டால், பிரியாணியில் கறித்துண்டுகளை ஒதுக்கிவிட்டு "குஸ்காதான், சாப்பிடுங்க" என்று இலையில் போட்டுவிடுகிறார்கள். இது சாப்பிடுபவரின் மனச்சாட்சியைத் திருடுவது. சைவப் பந்திக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனி ஆள் வைத்து, அதையே முதல் பந்தியாகப் போட்டுவிட்டால் பற்றாக்குறை வராது. வந்த விருந்தினரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சைவம் சமையுங்கள். நம்மவர்களும் சாம்பார் சாதத்தை விரும்பிச் சாப்பிடுவார்கள்.

எதிர்த்திசையிலும் இதே கேள்வி உண்டு. நவராத்திரிச் சுண்டல், ஆயுத பூஜைப் பொரி, ரம்ஜான் நோன்புக் கஞ்சி வரும்போது கிறிஸ்தவர் என்ன செய்வது? அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 8, 10-ஆம் அதிகாரங்களில் இதைப் பற்றித்தான் பேசுகிறார். விருந்துக்கு அழைத்தவர் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம், இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம் என்பது அவர் ஆலோசனை. நோன்புக் கஞ்சி படையல் அல்ல, அதில் தயக்கத்துக்கே இடமில்லை. சுண்டல், பொரியைப் பற்றிச் சென்னைக் கிறிஸ்தவர்கள் ஒரே மாதிரி நினைப்பதில்லை, ரோமர் 14-ஆம் அதிகாரம் அந்த வேறுபாட்டை அனுமதிக்கிறது. செய்யவே கூடாதது ஒன்று உண்டு: சிரித்துக்கொண்டே வாங்கி, கதவைச் சாத்தியபின் குப்பையில் கொட்டுவது. சாப்பிட மாட்டீர்கள் என்றால் வாசலிலேயே, "சாமிக்குப் படைச்சதை நாங்க சாப்பிடறதில்லை, தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்களை நினைச்சுக் கொண்டுவந்ததுக்கு ரொம்ப நன்றி. உள்ள வாங்க, காபி சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் இதைப் புரிந்துகொள்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்ட பொய்யைத்தான் மன்னிப்பதில்லை.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ரம்ஜான் மாதம் முழுவதும் இஃப்தார் உணவு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. சமைப்பது சைவ உணவு. அதனால் பள்ளிவாசலின் தொழுகை மாறவில்லை, பரிமாறுகிறவர்களின் வழிபாடும் மாறவில்லை. கிறிஸ்தவர்கள் போய் ஒரு மாலை நேரம் பார்த்துவிட்டு வர வேண்டிய இடம் அது.

பிறமதத்தார் நம்மிடம் ஜெபம் கேட்பது சென்னையில் அன்றாடம் நடப்பது. மகளுக்குத் தேர்வு, கணவருக்கு அறுவைச் சிகிச்சை என்று வந்து நிற்பார்கள். முதலில் நோயாளியின் பெயரையும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். "இயேசுவின் நாமத்தில்தான் ஜெபிப்பேன், சம்மதமா?" என்று அடுத்துக் கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தலையசைப்பார்கள். தயங்கினால், "உங்களை நினைத்து வீட்டில் ஜெபித்துக்கொள்கிறேன்" என்று விட்டுவிடலாம். தலையில் கைவைக்க அனுமதி கேட்க வேண்டும், பெண்களுக்குப் பெண்களே கைவைக்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, வீட்டில் மாட்டியிருக்கும் சாமி படத்தை எடுக்கச் சொல்வது, காணிக்கை கேட்பது ஆகியவை நம்பி வந்தவரைப் பலவீனமான நேரத்தில் பிடித்து நெருக்குவதே. குணமானபின் அவர் அனுமதியின்றி அவர் கதையை மேடையில் சாட்சியாகச் சொல்வதும், புகைப்படத்தைப் பகிர்வதும் அந்த வகைதான்.

பிரசங்கியார்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்தினர் அமர்ந்திருக்கும் ஆராதனையில் அவர்கள் வணங்கும் தெய்வத்தைப் பிசாசு என்று அழைப்பது தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். பவுல் அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைக் கண்டு ஆவியில் வைராக்கியம் அடைந்தவர்தான். ஆனாலும் மார்ஸ் மேடையில் பேசத் தொடங்கும்போது அந்த மக்களின் தேவபக்தியைச் சொல்லித் தொடங்கி, அவர்களுடைய புலவர்களையே மேற்கோள் காட்டுகிறார். முடிக்கும்போது இயேசு மரித்தோரிலிருந்து எழுந்ததை விட்டுவிடவில்லை. சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொருமுறை கேட்போம் என்றார்கள். அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தை முழுவதும் படித்தால், எதைச் சொல்லாமல் விடலாம், எதை விடக்கூடாது என்பது தெளிவாகத் தெரியும். புதிதாக வந்தவரை எழுந்து நிற்கவைத்துக் கைதட்டுவதையும் நிறுத்திவிடலாம். வாசலில் பெயர் கேட்டு, அருகில் துணைக்கு ஒருவரை அமர்த்தி, எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று அவர் சொல்லிக்கொடுத்தாலே போதும். பணக்கார விருந்தினருக்கு முன்வரிசையும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கடைசி பெஞ்சும் கொடுப்பதை யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரமே கண்டிக்கிறது. சாதி பார்த்து உட்காரும் சபை பிறமதத்தாரை வரவேற்பதைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

சர்வமதக் கூட்டங்களில் எல்லோரும் ஏற்கும்படி ஒரு பொது ஜெபத்தைத் தைத்து எடுக்க முயல்வார்கள். அது யாருடைய ஜெபமாகவும் இருக்காது. ஒவ்வொருவரும் தம் மரபுப்படி வேண்டட்டும். மற்றவர்கள் மௌனமாக நிற்கட்டும். பின்தொடர்ந்து சொல்லும்படி யாரையும் கேட்க வேண்டாம். கிறிஸ்தவர் தம் முறை வரும்போது இயேசுவின் நாமத்தில் முடிப்பதில் எவருக்கும் குறை இருக்காது. கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் வைக்காதீர்கள். குத்துவிளக்கு ஏற்ற மனச்சாட்சி இடம் தராத கிறிஸ்தவர் மேடையில் பின்வாங்கி எல்லோரையும் சங்கடப்படுத்தாமல், அழைப்பிதழ் அச்சாகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

துக்க வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். கிறிஸ்தவ வீட்டு இறப்புக்கு வரும் இந்து நண்பர்கள் மாலை, ஊதுபத்தி கொண்டுவருவார்கள், வாய்க்கரிசி போட வேண்டும் என்று அரிசியைத் தேடுவார்கள். மாலையைப் பெட்டியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். வாய்க்கரிசிக்கு, "எங்களிடம் அந்த வழக்கம் இல்லை, கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போடுவோம், நீங்களும் போடுங்கள்" என்று சொன்னால் இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்த நிறைவு அவர்களுக்குக் கிடைக்கும். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்ற பழக்கத்தில் பல பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்; கல்லறைத் தோட்டத்துக்குப் பெண்களும் வரலாம் என்று சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. வீட்டு ஜெபம், ஆலய ஆராதனை, அடக்கம் மூன்றின் நேரத்தையும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவோம் என்பவர்களிடம் தேநீர்க் குவளையை நீட்டி வற்புறுத்த வேண்டாம். அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். எழுந்துபோக முடியாமல் அமர்ந்திருக்கும் துக்கக்காரர்களிடம் "இப்போதே தீர்மானம் எடுங்கள்" என்று கைதூக்கச் சொல்லக்கூடாது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் உயிர்விடும் தறுவாயில், உ.வே. சாமிநாதையர் திருவாசகத்திலிருந்து அடைக்கலப்பத்தைப் படித்தார். அப்போது ஆசிரியரைத் தம் மேல் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்த மாணவர் சவேரிநாத பிள்ளை, ஒரு கிறிஸ்தவர். சைவ ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் படித்தவர் அவர். கடைசி நேரத்தில் அவர் விலகி நிற்கவும் இல்லை, வேறு எதையும் ஓதவும் முயலவில்லை. பிறமத நண்பரின் படுக்கையருகே என்ன செய்வது என்று கேட்கும் கிறிஸ்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தமிழில் எங்களுக்குத் தெரியாது.

சில சுருக்கமாக. வெள்ள நிவாரண அரிசிப் பையில் மதப் பிரசாரக் கைப்பிரதியைச் செருகாதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பசித்தவருக்குத் தேவைப்பட்டது அரிசிதான். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிறமதக் குழந்தைகள் வந்தால் பாடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒலிமாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை வெளி ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்களுக்கு அரசு தரும் தளர்வும் நள்ளிரவு 12-ஐத் தாண்டாது. புத்தாண்டு ஆராதனை 12 மணிக்குப் பிறகும் நீளும் என்பதால் வெளி ஒலிபெருக்கியை அதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். தெருவில் தூங்க முடியாதவரை உள்ளே வாருங்கள் என்று அழைப்பதில் பயனில்லை.

கலப்புத் திருமணங்களில் மனக்கசப்பு வருவதற்கு முக்கியக் காரணம் தாமதம். திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்கத் திருச்சபைச் சட்டம் 1086-ஆம் எண்ணின்படி மறைமாவட்ட ஆயரின் விதிவிலக்கு வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னாலானதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். அதை மறுதரப்புக்கும் தெரிவிக்க வேண்டும். ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கும் வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் இதை முதன்முறையாகக் கேள்விப்பட்டால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரு குடும்பத்தாரையும் பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்லுங்கள்.

விசுவாசத்தில் சேர வேண்டும் என்று ஒருவர் தாமாக வந்து கேட்டால் அவசரப்படுத்தாதீர்கள். மாதக்கணக்கில் மறைக்கல்வி பெற்று, உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் திருமுழுக்குப் பெறும் பழைய முறை கத்தோலிக்கத் திருச்சபையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த இடைவெளியில் அவர் யோசிக்கலாம், வீட்டாரிடம் பேசலாம், வேண்டாம் என்று திரும்பியும் போகலாம். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் மனச்சாட்சிச் சுதந்திரம் அவருக்கும் உரியது. திரும்பிப் போனவரையும் அடுத்த கிறிஸ்துமஸுக்கு அழையுங்கள்.

தங்கள் பத்திரிகைக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு டிசம்பரிலும் நகர ஆலயங்களின் ஆராதனை நேரங்களை வெளியிடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் எந்த மொழியில் ஆராதனை, எவ்வளவு நேரம் நடக்கும், குடிலைப் பார்க்க எந்த நேரத்தில் கதவு திறந்திருக்கும், நற்கருணை வேளையில் விருந்தினர் என்ன செய்யலாம் என்ற நான்கு விவரங்களையும் சேர்த்து வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். ஆலய அலுவலகங்கள் இந்த விவரங்களை 15-ஆம் தேதிக்குள் எழுதி அனுப்பும்படி எங்கள் குருக்களிடமும் ஆயர்களிடமும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆலய வரவேற்புப் பணியிலுள்ள விசுவாசிகள் சிலர்,
சென்னை